மடி இழுக்கும்போது மட்டும் கொதிக்கும் இன்ஜின்: அந்த மூன்று இறக்கைகள் எங்கே?

மல்லிப்பட்டினத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அப்பாவின் விசைப்படகை இந்த வருடம்தான் தன் பொறுப்பில் எடுத்திருக்கிறார். மீன்பிடித் தடைக்காலம் முடிந்து தொழிலுக்குப் போனதிலிருந்து இன்ஜின் சூடாகிறது. துறைக்குள் சும்மா ஓடவிட்டால் மீட்டர் 80 டிகிரிக்குள் நிற்கிறது. கடலில் மடி (இழுவை வலை) இறக்கி இழுக்க ஆரம்பித்தால் இருபது நிமிடத்தில் 100-ஐத் தொடுகிறது, வேகத்தைக் குறைத்தால் மெல்ல இறங்குகிறது. முதல் தடவை சூடானபோது கடல்தண்ணீர் பம்ப்பைத் திறந்திருக்கிறார்கள். இம்பெல்லரில், அதாவது பம்ப்புக்குள் சுற்றித் தண்ணீரைத் தள்ளும் ரப்பர்ச் சக்கரத்தில், மூன்று இறக்கைகள் இல்லை. புதிதாக ஒன்று போட்டதும் கொஞ்சம் குறைந்தது, ஆனால் தீரவில்லை. ஒரு மெக்கானிக் தெர்மோஸ்டாட்டை (சூட்டைப் பொறுத்துத் தண்ணீர்ப் பாதையைத் திறந்து மூடும் வால்வு) கழற்றி எறியச் சொல்கிறார், இன்னொருவர் ஹெட்டை (சிலிண்டர்களின் மேல்மூடி) இறக்க வேண்டும் என்கிறார். இருவரில் யார் சொல்வது சரி என்று கேட்டிருக்கிறார். அவர் உண்மையில் கேட்பது, பெரிய செலவில் இறங்குவதற்கு முன்னால் துறையிலேயே எதையெல்லாம் பார்த்து முடிவு செய்யலாம் என்பதுதான்.

நான் ஐ.டி.ஐ.யில் டீசல் மெக்கானிக் படித்துவிட்டு, நாகப்பட்டினம் அக்கரைப்பேட்டைப் பக்கம் இருபத்தாறு வருடமாகப் படகு இன்ஜின் வேலை பார்க்கிறேன். உங்கள் இன்ஜினை நான் பார்க்கவில்லை, அதனால் இதுதான் கோளாறு என்று இங்கிருந்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் எழுதியதில் ஒரு விஷயம் மட்டும் நிச்சயம். அந்த மூன்று ரப்பர் இறக்கைகளும் கரைந்து போகவில்லை. பம்ப்பிலிருந்து தண்ணீர் போகிற பாதையில் எங்கோ ஓரிடத்தில் உட்கார்ந்திருக்கின்றன. பம்ப்பின் வெளிவாய்க் குழாயைக் கழற்றி யாரும் அவற்றை எடுத்ததாக நீங்கள் எழுதவில்லை. எடுக்கவில்லை என்றால் முதல் வேலை அதுதான். ஹெட்டை இப்போதைக்குத் தொட வேண்டாம்.

உங்கள் ஊர் கல்லணைக் கால்வாயின் கடைமடைப் பக்கம். ஜூனில் மேட்டூர் திறந்து, கல்லணை திறந்து, பேராவூரணிப் பக்கம் தண்ணீர் வந்து சேரவில்லை என்றால் யாரும் வயலைத் தோண்டிப் பார்ப்பதில்லை. வாய்க்காலோடு மேலே நடந்துபோய் எந்த மதகில் ஆகாயத்தாமரை அடைத்திருக்கிறது என்று பார்ப்பார்கள். படகு இன்ஜினுக்கும் அதே நடைதான். இதில் இரண்டு வாய்க்கால் இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். ஒன்று கடல்தண்ணீர்: படகின் அடிவாயில் ஏறி, வால்வு, சல்லடை, ரப்பர் இம்பெல்லர் பம்ப், அப்புறம் பெரும்பாலும் கியர் ஆயில் கூலர், ஹீட் எக்ஸ்சேஞ்சர் வழியாகப் போய்ப் பக்கவாட்டில் வெளியே கொட்டும். இன்னொன்று இன்ஜினுக்குள்ளேயே சுற்றும் நல்ல தண்ணீர் அல்லது கூலன்ட்: பெல்ட்டில் ஓடும் பம்ப், சிலிண்டர் பிளாக், ஹெட், தெர்மோஸ்டாட், ஹீட் எக்ஸ்சேஞ்சர், திரும்பவும் பம்ப். இரண்டும் கலக்காமல் ஒன்றின் சூட்டை இன்னொன்று வாங்கிக்கொள்ளும் இடம் அந்த ஹீட் எக்ஸ்சேஞ்சர். இனி நம் வழக்கப்படி கூலர் என்றே சொல்கிறேன்.

சும்மா ஓடும்போது சூடாகாமல் இழுக்கும்போது மட்டும் சூடாவது ஏன்? டீசலில் இருக்கிற சக்தியில் தோராயமாக மூன்றில் ஒரு பங்குதான் ஷாஃப்டுக்குப் போகிறது. ஒரு பங்கு புகையோடு போகிறது, மீதிப் பங்கைத் தண்ணீர்தான் சுமந்து வெளியே கொண்டுபோக வேண்டும். துறைக்குள் ஓடும்போது எரியும் டீசல் கொஞ்சம், சூடும் கொஞ்சம். பாதி அடைத்த குழாய்கூட அதைச் சமாளித்துவிடும். மடி தரையில் உரசிக்கொண்டு வரும்போது டீசல் பல மடங்கு எரிகிறது. ஒரு கணக்கு சொல்கிறேன். தண்ணீருக்கு 60 கிலோவாட் சூடு போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு 100 லிட்டர் கடல்தண்ணீர் ஓடினால் அது 9 டிகிரி சூடேறி வெளியே போகும். 50 லிட்டர்தான் ஓடுகிறது என்றால் 18 டிகிரி ஏறும். உள்ளே வருகிற கடல்தண்ணீரே இந்தப் பருவத்தில் 30 டிகிரியை ஒட்டி இருக்கும். குளிர்நாட்டுப் படகுக்கு இருக்கும் தாராளம் நமக்குக் கிடையாது. அதனால்தான் சின்ன அடைப்பும் இங்கே உடனே மீட்டரில் தெரிகிறது.

முதலில் மீட்டரையே சந்தேகப்படுங்கள். சென்சார் முனையில் படிமம் பிடித்திருந்தாலும், எர்த் ஒயர் துருப்பிடித்திருந்தாலும் மீட்டர் பொய் சொல்லும். இப்போது அகச்சிவப்பு வெப்பமானி, அந்தத் துப்பாக்கி மாதிரி இருப்பது, எளிதாகக் கிடைக்கிறது. ஒன்று வாங்கிப் படகிலேயே வையுங்கள். பளபளக்கும் பித்தளைக் குழாயில் நேராகக் காட்டினால் குறைத்துக் காட்டும். நான்கு இடத்தில் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒரு சுற்றுச் சுற்றி அதன் மேல் அளக்க வேண்டும்: கூலருக்குள் கடல்தண்ணீர் நுழையும் இடம், வெளியேறும் இடம், இன்ஜினிலிருந்து சூடான தண்ணீர் கூலருக்கு வரும் குழாய், கூலரிலிருந்து இன்ஜினுக்குத் திரும்பும் குழாய். இழுவையில் மீட்டர் 95 தாண்டும்போது இந்த நான்கையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். பாதிச் சண்டை அதோடு தீரும்.

எப்படியென்றால், கடல்தண்ணீர் 30-இல் நுழைந்து 50-க்கு மேல் சூடாகி வெளியேறினால், சூடு நன்றாகவே கைமாறுகிறது, சுமக்கிற தண்ணீர்தான் போதவில்லை என்று அர்த்தம். அடைப்பு கடல்தண்ணீர்ப் பாதையில். அது 33, 34-இல் வெளியேறுகிறது, இன்ஜின் மட்டும் கொதிக்கிறது என்றால் கடல்தண்ணீர் தாராளமாக வருகிறது, சூடு அதற்கு வந்து சேரவில்லை. அப்போது உள்பாதையைப் பாருங்கள். இன்ஜினிலிருந்து 98-இல் வந்து 95-இல் திரும்பிப் போனால் கூலர் குழல்களில் உப்போ சுண்ணாம்போ படிந்து சூட்டைக் கடத்தவிடாமல் செய்கிறது. 98-இல் வந்து 60-இல் திரும்பினால் கூலர் நன்றாக வேலை செய்கிறது, உள்ளே சுற்றும் தண்ணீரின் வேகம்தான் குறைவு. பெல்ட் நழுவுகிறதா, உள்பம்ப் தேய்ந்துவிட்டதா, தெர்மோஸ்டாட் பாதி திறந்து சிக்கியிருக்கிறதா என்று அங்கே தேட வேண்டும். எண்கள் இன்ஜினுக்கு இன்ஜின் மாறும். எந்தப் பக்கம் இடைவெளி பெரிதாக இருக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

உங்கள் விஷயத்தில் முதல் வகைதான் வரும் என்று நினைக்கிறேன். நினைக்கிறேன் என்றுதான் சொல்கிறேன், அளந்துவிட்டு முடிவு செய்யுங்கள். இம்பெல்லர் மாற்றியதும் கொஞ்சம் குறைந்தது என்கிறீர்களே, அது அந்தப் பாதையில்தான் குறை இருக்கிறது என்பதற்கு நல்ல அடையாளம். முழுதாகக் குறையாதது உடைந்த துண்டுகள் இன்னும் வழியை மறிப்பதற்கு அடையாளம்.

அந்தத் துண்டுகள் எங்கே இருக்கும்? பம்ப்பின் வெளிவாயை அடுத்து வரும் முதல் குறுகலான இடத்தில். முழங்கை வளைவு இருந்தால் அங்கே. கியர் ஆயில் கூலர் முதலில் வந்தால் அதன் வாயில். இல்லையென்றால் பெரிய கூலரின் முன்மூடிக்குள். போன வருடம் ஒரு படகில் கூலரின் மூடியைத் திறந்தேன். ரூபாய் நாணயத்தைவிடச் சற்றே பெரிய ரப்பர்த் துண்டு ஒன்று நான்கைந்து குழல் வாய்களின் மேல் வாழையிலை போட்டதுபோல் படுத்திருந்தது. அதன் பின்னால் சேறு, சிப்பித் தூள், ஜிங்க் கட்டியின் வெள்ளைத் துகள் எல்லாம் சேர்ந்து களியாக இறுகியிருந்தன. விரலால் எடுத்தால் ரப்பரின் அடியில் குழல்கள் சுத்தமாக இருந்தன. அந்தக் குழல்களில் பல நாளாக ஒரு சொட்டுத் தண்ணீர் போகவில்லை. படகுக்காரர் அதற்கு முன்னால் இரண்டு தடவை புது இம்பெல்லர் போட்டிருந்தார்.

கூலர் மூடியைத் திறக்கும்போது ஜிங்க் கட்டியையும் பாருங்கள். கூலரின் உலோகத்தை உப்புத் தண்ணீர் தின்னாமல் இருக்க, தன்னைக் கொடுக்கிற கட்டி அது. பாதிக்கு மேல் கரைந்திருந்தால் மாற்ற வேண்டும். மாற்றாமல் விட்டால் மிச்சம் உதிர்ந்து குழலை அடைக்கும். குழல்களுக்குள் விட்டுக் குத்த இரும்புக் கம்பி வேண்டாம். குழல் விட்டத்துக்குச் சற்று மெல்லிய மூங்கில் குச்சியோ பித்தளைக் கம்பியோ போதும். படிமம் கெட்டியாக இருந்தால் சிட்ரிக் ஆசிட்டை வெந்நீரில் கரைத்து ஊற வைக்கலாம். கக்கூஸ் கழுவும் ஆசிட்டை ஊற்றும் பழக்கம் நம் பக்கம் உண்டு. அது அழுக்கோடு சேர்த்துச் சாலிடர் இணைப்பையும் அலுமினியத்தையும் தின்றுவிடும். அப்புறம் கடல்தண்ணீர் நல்ல தண்ணீரோடு கலந்து இன்ஜினே உப்பேறிப் போகும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

இம்பெல்லர் ஏன் உடைந்தது என்பதையும் விடக்கூடாது. காரணத்தை விட்டால் புதியதும் உடையும். 61 நாள் தடைக்காலத்தில் இன்ஜினை ஓட்டாமல் வைத்திருந்தால் ரப்பர் இறக்கைகள் ஒரே வளைவில் மடங்கி விறைத்துப் போகும். தண்ணீர்தான் அதற்கு மசகு. அடைப்பால் தண்ணீர் வராமல் ஓடினால் சில நிமிடத்தில் உரசிச் சூடாகி உடையும். தடைக்காலத்தில் வால்வை மூடி வைத்துவிட்டு, ஜூன் 15 விடியற்காலை அவசரத்தில் திறக்க மறந்து ஸ்டார்ட் செய்வது நான் பலமுறை பார்த்தது. இன்னொன்று, கட்டிக் கிடக்கும் படகின் அடிவாய்ச் சல்லடையில் சிப்பி வளர்ந்து ஓட்டையைச் சுருக்கிவிடும். மேலே இருந்து பார்த்தால் வால்வு திறந்திருக்கும், தண்ணீர் வரும், ஆனால் வேண்டிய அளவு வராது. ஆளை இறக்கித் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். இன்ஜின் நிற்கும்போது மட்டும், சாவி இறங்கும் ஆளின் கையில் இருக்க வேண்டும்.

உங்கள் பக்கத்துக் கடல் வேறு மாதிரி. மல்லிப்பட்டினம், சேதுபாவாசத்திரம் முன்னால் ஆழம் குறைவு, அடியில் சேறும் கடற்புல்லும். அந்தக் கடற்புல்தான் கடற்பசுவுக்குச் சோறு. 2022-இல் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையை ஒட்டிய 448 சதுர கிலோமீட்டர் கடலை அதற்காகவே பாதுகாப்பகமாக அறிவித்தார்கள். அறுந்து மிதக்கிற அந்தப் புல் சல்லடையில் பாய்போல் படியும். எங்கள் நாகப்பட்டினத்தில் கடுவையாற்று முகத்துவாரத்தைத் தாண்டும்போது வண்டல், மழைக்காலத்தில் பழையாறு பக்கம் கொள்ளிடத்தோடு வரும் ஆகாயத்தாமரை வேர், சில மாதம் சொறி மீன் (ஜெல்லி மீன்). ஒவ்வொரு துறைக்கும் ஓர் அடைப்பு உண்டு. திங்கள், புதன், சனி என்று வாரத்தில் மூன்று நாள் தொழில் என்றால், ஒவ்வொரு தடவை கிளம்பும் முன்பும் சல்லடையைத் திறந்து கழுவுவது உங்களுக்குக் கட்டாயம். கழுவி மூடும்போது மூடியின் ரப்பர் வளையத்தைப் பாருங்கள். அது காய்ந்து வெடித்திருந்தால் தண்ணீரோடு காற்றையும் இழுக்கும். உறிஞ்சும் பக்கத்தில் ஓட்டை இருந்தால் தண்ணீர் வெளியே ஒழுகாது, காற்றுதான் உள்ளே போகும். அதனால் யார் கண்ணிலும் படாது. பக்கவாட்டில் கொட்டும் தண்ணீர் விட்டுவிட்டுத் துப்பினால் காற்றைச் சந்தேகப்படுங்கள்.

நான் ஒரு முறை செய்த தவறைச் சொல்ல வேண்டும். தொழிலுக்கு வந்து ஐந்தாறு வருடம் ஆகியிருந்தது. இதே மாதிரி, இழுவையில் மட்டும் கொதிக்கிற படகு. ஹெட் கேஸ்கெட் (ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடு) என்று முடிவு செய்து ஹெட்டை இறக்கிவிட்டேன். கேஸ்கெட் முழுசாக இருந்தது. எல்லாம் மாற்றி மூடியும் சூடு போகவில்லை. கடைசியில் சல்லடைக்கும் பம்புக்கும் நடுவில் இருந்த ஹோஸை ஒரு சந்தேகத்தில் கையால் பிடித்துக்கொண்டு, டிரைவரை வேகம் கூட்டச் சொன்னேன். என் கைக்குள்ளேயே ஹோஸ் சப்பையாக ஒடுங்கியது. உள்ளே கம்பிச் சுருள் இல்லாத சாதாரண ஹோஸை யாரோ போட்டிருந்தார்கள். மெதுவாக ஓடும்போது சரியாக இருக்கும், வேகம் கூடினால் பம்ப் உறிஞ்சும் வேகத்தில் சுவர் ஒட்டிக்கொள்ளும். அந்தக் குடும்பத்துக்கு நான்கு நாள் தொழில் போனது, ஹெட் வேலைக்கான பணமும் போனது. கூலியை நான் வாங்கவில்லை, ஆனால் போன நாள் போனதுதான். உங்கள் படகில் இந்த ஹோஸ் கம்பி வைத்ததுதானா என்று முதல் நாளே அழுத்திப் பாருங்கள். வெளியே நன்றாக இருந்து உள்தோல் உரிந்து தொங்குகிற ஹோஸும் உண்டு. கழற்றி வெளிச்சத்தில் பிடித்து உள்ளே பார்த்தால்தான் தெரியும்.

தெர்மோஸ்டாட் விஷயத்துக்கு வருகிறேன். அதைக் கழற்றி எறியச் சொல்வதை நான் ஏற்கவில்லை. பல இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போதுதான் கூலருக்குப் போகாத குறுக்குவழியை அது மூடுகிறது. கழற்றிவிட்டால் சூடான தண்ணீரில் ஒரு பங்கு கூலர் பக்கமே போகாமல் குறுக்குவழியில் திரும்பி இன்ஜினுக்கே வரும், இழுவையில் சூடு இன்னும் ஏறும். அப்படி ஏறாத இன்ஜினாக இருந்தாலும் சும்மா ஓடும்போது வேண்டிய சூட்டுக்கு வராமல் டீசல் சரியாக எரியாது, லைனர் தேயும். சந்தேகம் இருந்தால் கழற்றிச் சோதியுங்கள். ஒரு பாத்திரத்துத் தண்ணீரில் நூல் கட்டித் தொங்கவிட்டு அடுப்பில் சூடாக்குங்கள். அதன் மேலேயே திறக்கும் டிகிரி பொறித்திருக்கும். அந்த அளவை ஒட்டி வாய் திறக்க ஆரம்பித்து, இன்னும் பத்துப் பதினைந்து டிகிரியில் முழுதாகத் திறந்தால் அதன் மேல் குற்றம் இல்லை. திறக்கவில்லை என்றால் அதே எண் போட்ட புதியதை வாங்கிப் போடுங்கள்.

ஹெட் கேஸ்கெட்டை முழுக்கத் தள்ளிவிடவும் முடியாது. பல தடவை 100-ஐத் தொட்ட இன்ஜினில், சூடு காரணமாகவே பின்னால் கேஸ்கெட் போயிருக்கலாம். அதற்கும் ஹெட்டை இறக்காமல் பார்க்கிற வழி இருக்கிறது. காலையில் இன்ஜின் முழுக்க ஆறிக் குளிர்ந்திருக்கும்போது, கூலன்ட் ஊற்றும் மேல்தொட்டியின் மூடியைத் திறந்து, தண்ணீரை வாய்வரை நிரப்பி ஸ்டார்ட் செய்யுங்கள். ஆரம்பத்தில் நாலு குமிழி வருவது அடைந்திருந்த காற்றாக இருக்கலாம். நிற்காமல், வேகம் கூட்டக் கூட்ட முத்து முத்தாக வந்துகொண்டே இருந்தால் எரிந்த வாயு தண்ணீருக்குள் புகுகிறது. ஆயில் குச்சியில் ஆயில் மோர் மாதிரி வெளுத்திருக்கிறதா, ஒழுக்கே இல்லாமல் கூலன்ட் குறைந்துகொண்டே வருகிறதா என்றும் பாருங்கள். இதில் எதுவும் இல்லையென்றால் ஹெட்டை இறக்கச் சொல்பவரிடம் காரணம் கேளுங்கள். அந்த மேல்தொட்டி மூடியையும் அலட்சியம் செய்யாதீர்கள். 7 பி.எஸ்.ஐ. அழுத்தம் தாங்கும் மூடி சரியாகப் பிடித்தால் உள்ளே தண்ணீர் 111 டிகிரிவரை கொதிக்காது. ரப்பர் போன மூடி என்றால் 100-லேயே கொதித்துப் பொங்கும்.

தண்ணீர்ப் பாதை முழுக்கச் சரியாக இருந்தும் கொதித்தால், இன்ஜின் தூக்க முடியாததைத் தூக்குகிறது என்று பொருள். அடியில் சிப்பி பிடித்த படகு, விசிறியில் (புரொப்பெல்லர்) சுற்றிய கயிறு, மாற்றிப் போட்ட பெரிய விசிறி, சேறு நிறைந்து வரும் மடி எல்லாம் ஒன்றுதான். கறுப்புப் புகை வரும், மடி இல்லாமல் முழு வேகம் கொடுத்தாலும் இன்ஜினுக்குச் சொன்ன ஆர்.பி.எம். வராது. இரண்டு மாதம் துறையில் கிடந்த படகு என்பதால் இதுவும் உங்களுக்குக் கொஞ்சம் இருக்கலாம். தண்ணீர் குறைவும் பாரம் அதிகமும் சேர்ந்து வரும்போது ஒன்றைச் சரிசெய்து பாதி குணமாவதால்தான் பலர் குழம்பிப் போகிறார்கள்.

இதையெல்லாம் பார்த்து முடிக்கும்வரை கடலுக்குப் போயே ஆக வேண்டும் என்றால் ஒன்று சொல்கிறேன். மீட்டர் 95 தாண்டினால் மடியின் பாரத்தை விட்டுக்கொடுத்து வேகத்தைக் குறையுங்கள். பக்கவாட்டில் தண்ணீர் கொட்டினால் அப்படியே மெதுவாக ஓடவிட்டு ஆற வையுங்கள். கொட்டவில்லை என்றால் உடனே நிறுத்துங்கள். சூட்டோடு மூடியைத் திறக்கக் கூடாது, நீராவி முகத்தில் அடித்துத் தோல் உரிந்தவர்களை எனக்குத் தெரியும். கொதிக்கிற இன்ஜின்மேல் வாளித் தண்ணீரை ஊற்றினால் ஹெட் வெடிக்கும். பாக் நீரிணையில் நின்றுபோன படகு நீரோட்டத்தில் எல்லையைத் தாண்டிப் போய்விடக் கூடாது, அதனால் முதலில் நங்கூரம். பக்கத்துப் படகுக்கு வி.எச்.எஃப். ரேடியோவில் சேனல் 16-இல் சொல்லுங்கள். நிலைமை கைமீறினால் கடலோரக் காவல்படையின் 1554 என்ற எண்ணுக்குக் கூப்பிடுங்கள்.

சரி, வேலை. கூலர் மூடிக்குப் புது கேஸ்கெட் கையில் வந்த பிறகு மூடியைத் திறங்கள், பழையது பெரும்பாலும் கிழிந்துதான் வரும். பம்ப்பின் வெளிவாயிலிருந்து ஒவ்வொரு இணைப்பாகக் கழற்றிக்கொண்டே போங்கள். தண்ணீர் ஓடும் திசைக்கு எதிர்ப்பக்கமிருந்து நல்ல தண்ணீரைப் பீச்சி, வருவதை ஒரு துணியில் பிடியுங்கள். பழைய இம்பெல்லரை எறியாமல் வைத்திருக்கிறீர்கள் என்றால் கிடைக்கிற ரப்பர்த் துண்டுகளை அதன் உடைந்த இடங்களில் பொருத்திப் பாருங்கள். இரண்டுதான் பொருந்துகிறது என்றால் மூன்றாவது இன்னும் உள்ளேதான் இருக்கிறது, மூடியை மாட்டாதீர்கள்.